என் தோட்டத்துத் தடியங்காய்

போன வருஷம் கோயிலில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யின் எடை ஏழு கிலோ.

எங்கள் ஊர் களக்காட்டுக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி இருக்கிறது. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்; அதன் பிரதிஷ்டைப் பண்டிகை மே மாதக் கடைசி ஞாயிறு. அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் மண்ணில் விளைந்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். முதற்பலன் என்று பெயர். வாழைக்குலை வரும், தேங்காய் வரும், முருங்கைக்காய் வரும், தோட்டம் இல்லாதவர்கள் முட்டையோ கோழியோ கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே பந்தலுக்குத் தூக்கிவந்து ஏலம் விடுவார்கள். ஏலம் விடும் அண்ணாச்சி ரைஸ் மில் வைத்திருப்பவர். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். ஒவ்வொரு பொருளையும் தலைக்கு மேலே தூக்கி, இது இன்னார் வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது என்று சொல்லித்தான் ஏலத்தைத் தொடங்குவார். அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகவே வெயிலில் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. நானும் அதில் ஒருத்தி.

போன வருஷம் வெயிலும் காட்டுப்பன்றியும் போக என் தோட்டத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் களக்காடு கடைத்தெருவுக்குப் போய் ஒரு தடியங்காய் வாங்கி வந்தேன். வெண்பூசணி என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்களே, அதுதான். பேசாமல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அண்ணாச்சி விடவில்லை. “டீச்சர் தோட்டத்துத் தடியங்கா! இந்த வெயில்ல எப்படி வெளஞ்சிருக்கு பாருங்கவே!” என்று தூக்கிக் காட்டினார். கூட்டம் கை தட்டியது. குருவானவர் வேறு, பள்ளிக்கூட வேலையும் பார்த்து வீட்டையும் பார்த்துத் தோட்டமும் போடும் சகோதரி என்று என்னை எல்லோருக்கும் உதாரணம் காட்டினார். அடுத்த வாரம் இரண்டு பேர் விதை கேட்டு வந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறவள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் எழுப்பி நிறுத்துவேன். அன்றிலிருந்து ஒரு வருஷமாக யாரையும் எழுப்பி நிறுத்த எனக்கு நா எழவில்லை.

அதனால் இந்த வருஷம் முடிவு செய்தேன். என்ன ஆனாலும் சரி, இந்தப் பன்னிரண்டு சென்டில் விளைந்த ஒரே ஒரு தடியங்காயையாவது கொண்டுபோய் வைக்க வேண்டும். என் கணவருக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் திருநெல்வேலி டவுணில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். “ஏட்டி, நம்ம மேல தப்பில்லன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? அவரு படைச்ச பன்னிதான திங்குது,” என்பார். வேதம் எனக்குச் சொல்லித் தருகிறாராம்.

பொங்கல் முடிந்ததும் எட்டுக் குழி எடுத்து, சாணமும் சருகும் போட்டு மூடி, விதை ஊன்றினேன். முளைத்து இரண்டு இலை விட்டதும் மயில் வந்தது. மயிலைப் பார்த்தால் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் உறவுக்காரர்கள் எனக்கு மதராஸில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டிவந்து ஒரு வாரம் என் தோட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். மயில் ஒரு செடியை முழுக்கத் தின்னாது. இதில் ஒரு கொத்து, அதில் ஒரு கொத்து என்று குருத்தை மட்டும் பார்த்துக் கிள்ளிவிட்டு, கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்க்கும். கைதட்டினால் நகராது. கல்லெறிய எனக்குப் பயம். பட்டுத் தொலைத்தால் கேஸ். துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடினால் நாலு எட்டு நடந்து, சுவரில் ஏறி, நான் உள்ளே போகும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருக்கும். மூன்று குழி அப்படியே போனது.

மீதிச் செடி கொடியோடி, பங்குனியில் பூத்தது. பூத்தது என்றால் அப்படிப் பூத்தது, தோட்டமே மஞ்சள். நான் சந்தோஷப்பட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் ஆண் பூ. வெயில் கூடினால் இந்தக் கொடிகளுக்குப் புத்தி மாறிவிடும், பெண் பூவே வைக்காது. பச்சையாற்றில் மணல்தான் ஓடியது, கால்வாயை அடைத்துவிட்டார்கள், கிணற்றில் வாளி தரை தட்டியது. பாத்திரம் கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், என் கணவர் குளித்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் பிடித்து ஊற்றினேன். “சோப்புப் போட்டுக் குளிக்காதீங்க அத்தான், செடிக்கு ஆகாது,” என்று சொன்னதற்கு, பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதன்முதலாக அவருக்கு என்மேல் உண்மையிலேயே கோபம் வந்தது. சித்திரை வெயிலில் டவுண் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த மனிதர். அவர் கோபமும் நியாயம்தான். ஆனால் மறுநாளிலிருந்து சோப்பு இல்லாமல் ஒரு வாளி தனியாகப் பிடித்து வைத்தார்.

எப்படியோ ஒரு வாரத்தில் ஆறு பெண் பூ வந்தது. அடியில் சின்னப் பிஞ்சோடு வந்தால் அது பெண் பூ. இந்த வெயிலில் வண்டு எங்கே வரும்? காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன், சேலை கட்டித் தலை வாரிய கோலத்தோடு, ஆண் பூவைக் கிள்ளி இதழை உரித்து நானே ஒவ்வொன்றிலும் தடவிவிட்டேன். நாலு பிஞ்சு பிடித்தது. கை முழுக்க மகரந்தத்தோடு போய் அட்டெண்டன்ஸ் எடுத்தேன்.

பிஞ்சு தேங்காய் அளவு வந்தபோது காட்டுப்பன்றி வந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை, காலையில் பார்த்தால் தோட்டத்தின் வடக்குப் பாதி உழுது போட்டிருந்தது. காயைத் தின்றாலாவது பசிக்குத் தின்றது என்று மனசைத் தேற்றலாம். அது மண்புழுவுக்காகக் குழியைத் தோண்டிவிட்டுக் கொடியை வேரோடு தூக்கி எறிந்திருந்தது. இரண்டு பிஞ்சு வெயிலில் வதங்கிக் கிடந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

பன்றிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. சலூனில் வெட்டிப்போட்ட முடியை வாங்கிவந்து தோட்டத்தைச் சுற்றி வரப்பு மாதிரிப் போடுவார்கள். பன்றி மோப்பம் பிடித்துக்கொண்டே வரும்; முடி மூக்கில் ஏறினால் தும்மிக்கொண்டு திரும்பிவிடும். என் கணவரிடம் சொன்னேன். தேர் வீதிப் பக்கம் அவருக்குத் தெரிந்த சலூனில் சொல்லிவைத்து இரண்டு சாக்கு முடி சேர்த்தார். அதைப் பஸ்ஸில் கொண்டுவந்த கதையை இப்போதும் அவர் சிரிக்காமல்தான் சொல்வார். நாங்குநேரியில் கூட்டம் ஏறியபோது ஒரு பெரியவர் வசதியாக இருக்கட்டும் என்று ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறார். “மெத்து மெத்துன்னு இருக்கே, பஞ்சா?” என்று கேட்டிருக்கிறார். இவரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “முடி” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு களக்காடு வரைக்கும் இவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லையாம். “நல்லா காத்தோட்டமா வந்தேன்,” என்றார்.

முடியைச் சுற்றிலும் போட்டோம். தண்ணீர் தெளித்து மேலே மண் தூவ வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தண்ணீர் எங்கே இருக்கிறது? மறுநாள் மத்தியானம் சூறைக்காற்று கிளம்பியது. சித்திரையில் மலைச்சரிவிலிருந்து இறங்கி, சருகையும் தாளையும் சுழற்றிக்கொண்டு வருமே, அந்தக் காற்று. நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், திருநெல்வேலி டவுண் ஆண்களின் முடியெல்லாம் கறுப்பு மேகமாக எழும்பிப் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்குப் போகிறது. அங்கே மைனி அன்று காலையில்தான் நாலு படி அரிசிக் கூழ் காய்ச்சி, வேட்டி விரித்து, வத்தல் ஊற்றியிருந்தார். உறவு ஒன்றும் இல்லை, பழக்கத்தில் அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவேன். வத்தல் இன்னும் ஈரம் காயவில்லை.

அவர் மாடியிலிருந்து கத்தியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. “டீச்சர்! ஊரான் முடிய எல்லாம் கொண்டாந்து என் வத்தல்ல கொட்டுதியளே, இது அடுக்குமா?”

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அரிசி வாங்கித் தருகிறேன், நானே கூழ் காய்ச்சித் தருகிறேன் என்றேன். மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஒங்களுக்கென்ன, நீங்க எந்த வெயில்லயும் ஏழு கிலோ காய் எடுக்கிய ஆளு. என் மாதிரிக் கைராசி இல்லாதவ வத்தல் போட்டாலாவது பொழைக்கலாம்னு பாத்தா, அதுக்கும் வழியில்ல,” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஏழு கிலோ எங்கே விளைந்தது என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, பன்றியைத் திட்டினேன். மைனி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பன்றியும் இரண்டு நாள் கழித்து வழக்கம்போல வந்துவிட்டுப் போனது.

வைகாசி பிறந்ததும் ஒரு கோடைமழை பெய்தது. மழைக்காக ஏங்கிக்கொண்டிருந்தவள்தான் நான். ஆனால் அது கேட்டபடி வரவில்லை. கால் மணி நேரம் காற்றும் இடியும் கல் மாதிரி விழும் துளியுமாக அடித்து, என் முருங்கையை முறித்து, மைனி வீட்டு வாழையை வரிசையாகச் சாய்த்து, தக்காளியை மண்ணோடு அப்பிவிட்டு, பிறகு ஒன்றும் தெரியாதது மாதிரி வெயில் அடித்தது. மிஞ்சியிருந்த இரண்டு தடியங்காயில் ஒன்று தேங்கின தண்ணீரில் அடி அழுகிப் போனது. ஆக, ஒன்று.

அந்த ஒன்றை நான் வளர்த்த மாதிரி என் பிள்ளைகளைக்கூட வளர்க்கவில்லை. அடியில் வைக்கோலைச் சும்மாடு சுற்றி வைத்தேன். வெயிலுக்கு ஓலை. சாயங்காலம் ஆனால் பனையோலைக் கூடையான கடவத்தைக் கவிழ்த்து மூடி, பன்றி தட்டிவிடாமல் இருக்க மேலே ஒரு அம்மிக்கல் துண்டு. தோட்டத்தைச் சுற்றி என் பழைய சேலைகளைக் கட்டினோம். ஆள் நிற்கிறது என்று நினைத்துப் பன்றி பயப்படுமாம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் என் சேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்று பேசிக்கொண்டு போனார்கள். போகட்டும். காய் வளர்ந்தது. மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தது. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கையால் தூக்கிப் பார்த்தேன், ஐந்து கிலோவுக்குக் குறையாது. ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. கத்தியும் சாக்கும் எடுத்துக்கொண்டு பறிக்கப் போனேன். கடவத்தை இன்னும் எடுக்கவில்லை. மைனி வீட்டுத் தென்னையில் குரங்குக் கூட்டம். ஒன்று இளநீரைக் கடித்து ஓட்டை போட்டு, குடித்துவிட்டு, மீதியைக் கீழே விட்டது. அது நேராக அந்தக் கல்லின் மேல் விழுந்தது. பன்றிக்காக நான் வைத்த கல், கடவத்தைப் பொத்துக்கொண்டு காயின் உள்ளே இறங்கியது. நான் பத்தடி தூரத்தில் நிற்கிறேன். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. நான் அதை எடுக்கக் குனியும் முன் நாலு குரங்கு இறங்கிவிட்டது. ஒன்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சீறியது. நான் பின்வாங்கினேன். சுவரில் உட்கார்ந்து, விதையைத் துப்பித் துப்பித் தின்றன.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. வெறுங்கையோடு கோயிலுக்குப் போவது, யார் கேட்டாலும் ஒன்றும் விளையவில்லை என்று சொல்வது என்று மட்டும் மனசில் உறுதி செய்துகொண்டேன்.

மறுநாள் கோயில் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்து என் கையில் தந்தார். கனத்தது. உள்ளே தடியங்காய்.

“எதுக்கு அத்தான் இது?”

“கோவிச்சுக்காத. நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிப்பியேன்னுதான். சத்தமில்லாம வச்சிட்டு வந்திரு, ஆருக்குத் தெரியப்போகுது?”

பாவம், எனக்காகத்தான் செய்தார். ஆனால் அவசரத்தில் வாங்கியிருக்கிறார். கடைக்காரர் மார்க்கர் பேனாவால் காயின் மேலே எழுதின எடை அப்படியே இருந்தது. ஆறு, புள்ளி, இருநூறு. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். வழியில் வைத்துவிட எனக்கு மனமில்லை. திரும்பவும் முடியவில்லை, பின்னால் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்த பொருள்களில் இன்னும் மூன்று தடியங்காய் இருந்தன. அதில் ஒன்றின் பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் போய்ப் பச்சைத் தோல் தெரிந்தது. எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. போன வருஷம் சனிக்கிழமை, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தேங்காய் நாரால் கடைக்காரர் எழுதியதைத் தேய்த்தவள் நான். மை போகும்போது சாம்பலும் சேர்ந்து போய்விடும். அன்று அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். இங்கே வைத்தவருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. குனிந்து பார்த்தேன், மற்ற இரண்டிலும் பச்சை இருந்தது. எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரே ஒரே கடையில் வாங்கி, ஒரே நாரால் தேய்த்து, ஆண்டவருக்கு முன்னால் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறோம்! என் காயை எடுத்து, எழுத்து எல்லோருக்கும் தெரியும்படி முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

ஏலத்தில் அண்ணாச்சி அதைத் தூக்கினார். “டீச்சர் தோட்டத்துத்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். “டீச்சர், இதுல என்னமோ எழுதியிருக்கே?”

எழுந்து நின்றேன். “எடை அண்ணாச்சி. கடையில எழுதுனது. என் தோட்டத்துல ஒண்ணும் மிஞ்சல. போன வருஷம் நீங்க தூக்கிக் காட்டுன காயும் கடையில வாங்குனதுதான். தேய்ச்சிட்டு வச்சேன்.”

குருவானவர் தரையைப் பார்த்தார். பிறகு பின்னாலிருந்து ஒருவர், “அப்ப நானும் சொல்லிருதேன். என் வாழைக்கொலை நாங்குநேரில வாங்குனது,” என்றார். யாரோ சிரித்தார்கள். “எங்க வீட்டு வெண்டக்காயும்தான்,” என்றது பெண்கள் பக்கத்தில் ஒரு குரல். சிரிப்பு பரவியது. அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். “சரிவே, நம்ம மண்ணுல வெளஞ்சது எதுன்னு சொல்லுங்க, அத மொதல்ல ஏலம் விடுதேன்,” என்றார். யாரும் ஒன்றையும் காட்டவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்போது மைனி எழுந்தார். ஒரு மாதத்துக்கு மேலாக என்னோடு பேசாதவர். அவர் சிரிக்கவில்லை.

“அங்க தேய்ச்சு பச்சை தெரியுத காயில ஒண்ணு என்னுது டீச்சர். இத்தனை வருஷமா ஒண்ணும் வெளையலன்னா முட்டை கொண்டாந்து வைப்பேன், எனக்கு அதுல ஒரு கொறையும் தெரியல. போன வருஷம் ஒங்க காயப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சுவருதான, அதே வெயிலு, அதே பன்னி, அவுகளுக்கு மட்டும் வெளையுதே, நம்ம கைதான் ஆகாத கையின்னு நெனச்சேன். முட்டைய வைக்க வெட்கமா இருந்துச்சு. அதான் இந்த வருஷம் கடைக்குப் போனேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். தை மாதத்திலிருந்து மயிலைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், பன்றியை, காற்றை, மழையை, குரங்கைத் திட்டினேன். மைனி சொன்னதற்கு மட்டும் திட்டுவதற்கு எனக்கு ஒரு பிராணியும் அகப்படவில்லை.